கொரிஸ்கா கண்ட கனவு

ஹெர்மியோனே
கர்னேயோஸ் மாதம், வளர்பிறை நான்காம் நாள்

ஹகேமோனுக்கு, நீங்கள் எழுப்பாமல் விட்டுப்போன மனைவி பிலின்னா எழுதுவது.

வாழ்த்துச் சொல்லித் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சொல்ல மனமில்லை. காலையில் எழுந்து குழந்தையின் படுக்கையைத் தடவினேன். சில்லென்று கிடந்தது. கொல்லைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பிறகுதான் உங்கள் கைத்தடி இல்லை, நல்ல மேலாடை இல்லை என்று பார்த்தேன். பெற்ற பிள்ளையைத் திருடிக்கொண்டு ஓடிய தகப்பன் இந்த ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான்.

நான் என்ன கேட்டேன்? இரண்டு மாதம் பொறுங்கள் என்றேன். நோய் தீர்க்கும் அஸ்க்லேப்பியோஸ் கடவுளின் கோயில் எல்லைக்கல்லுக்குள் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. எட்டு மாத வயிற்றோடு நான் போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இதைப் பெற்றுப் போட்டுவிட்டு நானும் வருகிறேன், எல்லோருமாகப் போவோம் என்று எத்தனை முறை சொன்னேன்! "ரெண்டு மாசம் அவ தாங்குவாளா?" என்று கேட்டீர்கள். அதைச் சத்தமாக வேறு கேட்டீர்கள். அவள் காதில் விழுந்தது. அன்று முழுக்க வாயைப் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, பார்த்தீர்களா?

ஒன்பது வயதுக் குழந்தை. வசந்தத்தில் தொடங்கிய இருமல், இப்போது துணியில் ரத்தம். எனக்குப் பயமில்லை என்று நினைத்தீர்களா? நான் காலெடுத்து வைக்க முடியாத இடத்தில் வைத்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? என் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

ஆட்டுரோமப் போர்வையை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கழுதைக்காரன் பிர்ரியாஸ் கருவாடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும். முதுகு மறையும்படி போர்த்துங்கள். கூழைச் சூடாகக் கொடுங்கள், ஆறிப்போனால் தொடமாட்டாள். தலை வாரத் தெரியாவிட்டால் வாராமல் விடுங்கள், பிய்த்துவிடாதீர்கள்.

சாயத் தொட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்காக இல்லை. தெருவே நாறுகிறது.


கோயில் சத்திரம்
கர்னேயோஸ், வளர்பிறை ஒன்பது

பிலின்னாவுக்கு ஹகேமோன். நீ நலமா? வயிற்றில் இருப்பது நலமா?

போர்வை வந்து சேர்ந்தது. அதற்குள் சுருட்டி வைத்திருந்த வசவும் வந்து சேர்ந்தது. இரண்டுமே கதகதப்பாக இருந்தன.

தப்பு என்னுடையதுதான். உன்னை எழுப்பியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் கிளம்பியிருக்க மாட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. என் கண் முன்னால் அவள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார என்னால் முடியவில்லை.

உள்ளே விடுவதற்கு முன் எங்களைக் குளிக்கச் சொன்னார்கள். கோயில் ஆள் ஒருவன் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தான்.

"என்னய்யா இது, ரத்தமா?"

"சங்குச் சாயம்யா. இருபது வருசமாத் தேய்க்கிறேன், போகமாட்டேங்குது."

"இந்தக் கையோடயா உள்ள போகப் போறே?"

"கழட்டி உங்கிட்டக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

கொரிஸ்கா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது, ஆனாலும் சிரித்தாள். கோயில் பாம்புக்குத் தேன் பணியாரம் வைத்தாள். அது அவள் கைக்குப் பக்கத்தில் வந்து தின்றது, அவள் அசையவே இல்லை.

முற்றத்தில் உயரமான கல்வெட்டுகள் நிற்கின்றன. நலமானவர்களின் பெயர், ஊர், நோய், அவர்கள் கண்ட கனவு எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் பகலில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டுகிறேன். அதில் ஒரு குயவனின் கதை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவனுக்கும் இதே நோய்தான், இருமல், ரத்தம். தாடியில்லாத இளைஞனாகக் கடவுள் கனவில் வந்து, அவன் நெஞ்சிலிருந்து கறுப்பு நூல் போல ஒன்றை இழுத்துப் போட்டாராம். ஊற்றுத் தண்ணீரில் ஏழு நாள் குளிக்கச் சொன்னாராம். "நலமாகி வெளியே போனான்" என்று முடிகிறது. எல்லாக் கதையும் அப்படித்தான் முடிகிறது. குயவனை மட்டும் பத்துத் தடவையாவது படிக்க வைத்திருப்பாள்.

கடவுள் கனவில் வருவதற்காக நோயாளிகள் தூங்கும் கூடத்தில் படுத்து மூன்று நாளாகிறது. அவளுக்கு இன்னும் கனவு வரவில்லை. விடிந்ததும் எல்லோரும் பூசாரியைச் சூழ்ந்துகொண்டு தங்கள் கனவைச் சொல்கிறார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த கண் தெரியாதவன்கூட ஏதோ கண்டுவிட்டான். கனவைக் கேட்டுப் பூசாரி வைத்தியம் சொல்கிறார், அதைச் செய்து முடித்தவர்கள் ஊருக்குப் போகிறார்கள். நானும் தினமும் அவள் கண் திறந்ததும் "வந்தாரா கண்ணு?" என்று கேட்கிறேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்க்கிறாள். வருவார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.


ஹெர்மியோனே
கர்னேயோஸ், வளர்பிறை பதின்மூன்று

ஹகேமோனுக்கு பிலின்னா.

பாம்பு அவள் கைக்குப் பக்கத்தில் வந்ததா? நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்களா? போகட்டும். அவள் சிரித்தாள் என்று எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் நாலு முறை படித்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். காலையில் எழுந்ததும் அவளைக் கேட்காதீர்கள். போன வருடம் நான் பருப்பைத் தீய்த்துவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "நல்லா இருக்காடி?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று தட்டை வழித்துத் தின்றுவிட்டு, கொல்லையில் போய் வாந்தி எடுத்தாள். அவள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற குழந்தை. நீங்கள் தினமும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றால் அவள்தான் என்ன செய்வாள்? கனவு வந்தால் வரட்டும். அதை அவளிடம் கேட்டு வாங்காதீர்கள்.

கால் வீங்கியிருக்கிறது. வேறு குறை இல்லை.


கோயில் சத்திரம்
கர்னேயோஸ், வளர்பிறை பதினான்கு

பிலின்னா, வந்துவிட்டார்!

இன்று காலையில் நான் கேட்கக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்தாள், தானாகவே "வந்தாருப்பா" என்றாள். தூக்கிக்கொண்டு பூசாரியிடம் ஓடினேன். அவர் குனிந்து கேட்டார்.

"யாரு வந்தா, தாயி?"

"ஒரு அண்ணன் மாதிரி. தாடி இல்ல. என் நெஞ்சுல கை வச்சாரு. உள்ளேருந்து கறுப்பா ஒரு நூல இழுத்துப் போட்டாரு."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"விடியறப்ப ஊத்துல குளின்னாரு. ஏழு நாளு. அப்பறம் செருப்பில்லாம கோயிலச் சுத்துன்னாரு."

பூசாரி என் தோளைத் தட்டினார். "அந்தக் குயவனுக்கு வந்தவரேதான்யா. அதே முகம், அதே கை. கொடுத்து வச்சவன்யா நீ" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து அவள் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெட்கம்.

நாளையிலிருந்து குளியல். ஏழாம் நாள் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பலாம் என்றார் பூசாரி. இரண்டு மாதம் பொறு என்றாயே, இப்போது என்ன சொல்கிறாய்? நீ வாசலில் நின்று பார், அவள் ஓடி வருவாள்.


ஹெர்மியோனே
கர்னேயோஸ், தேய்பிறை மூன்று

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு வலி வந்துவிட்டது என்று மருத்துவச்சியைக் கூப்பிட ஓடிவிட்டாள். திருப்பி அழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஊற்றுத் தண்ணீரா? அவளுக்கா? மழையில் பத்தடி நடந்தாலே மூன்று நாள் படுப்பவள் ஆயிற்றே. கடவுளே சொன்னபிறகு நான் யார் குறுக்கே பேச? குளித்ததும் உடனே துவட்டுங்கள். காதுக்குப் பின்னால் ஈரம் நிற்கும், அங்கேயும் துடையுங்கள்.

நீங்கள் செய்தது சரி, நான் சொன்னது தப்பு. இதை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கையால் ஒரு வரி கிறுக்கி அனுப்பச் சொல்லுங்கள்.


கோயில் சத்திரம்
கர்னேயோஸ், தேய்பிறை ஏழு

பிலின்னா, இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

காலையில் கேட்காதே என்று நீ எழுதிய கடிதம், அவள் இரண்டாம் நாள் குளித்து வந்தபிறகு என் கைக்குக் கிடைத்தது. அவளை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

"கனவுல வந்தவரு கால்ல என்னம்மா போட்டிருந்தாரு?"

ரொம்ப நேரம் யோசித்தாள். "கல்லுல அது எழுதலியேப்பா" என்றாள்.

பிறகு அவளே பேசினாள். "கனவு கண்டவங்கள வீட்டுக்கு அனுப்பிடறாங்கல்ல. எனக்கு அம்மாகிட்ட போகணும். நீயும் தெனம் காலைல மூஞ்சிய அப்பிடி வச்சுக்கறே." அப்புறம் மெதுவாக, "அவரு வரவே இல்லப்பா. நானும் கண்ண இறுக்கி மூடித்தான் பாத்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் கை வரவில்லை. அப்போதே பூசாரியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மனம் சுத்தமில்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. பொய்க் கனவு என்று தெரிந்தால் எல்லைக்கல்லுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் நிஜக் கனவு வர வழியே இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். பொய்யானால் என்ன, சொன்னபடி செய்கிற பிள்ளைமேல் கடவுளுக்கு இரக்கம் வராமலா போகும் என்று நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் நானேதான் அவளைத் தூக்கிப் போய் ஊற்றில் இறக்கினேன். அதற்கடுத்த நாளும். ஐந்தாம் நாள், "இன்னிக்கு வேண்டாம்பா" என்றாள். "இன்னும் மூணே நாள்தான் கண்ணு" என்றேன். தெரிந்தே இறக்கினேன், பிலின்னா. தெரிந்தே.

ஏழாம் நாள் ஊற்றுத் தண்ணீர் சிவந்துவிட்டது. அப்போதுதான் பூசாரியின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சொன்ன கனவத் திருப்பி வாங்க முடியாதுய்யா. அவ பொய் சொன்னாளா, இல்ல அவ வாயால அவரே சொன்னாரா, உனக்கெப்பிடித் தெரியும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் செய்தது சரி என்று நீ எழுதிய கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. அந்த வரியை மையால் அடித்துவிட்டேன்.

இப்போது கூழ் இறங்கவில்லை. கோயில் ஆட்கள் அடிக்கடி வந்து அவள் வாய்க்கு நேரே காதை வைத்து மூச்சைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.


திதிமோய் கிராமம், வழியில்
கர்னேயோஸ், தேய்பிறை பன்னிரண்டு

ஹகேமோன்,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் விடிந்ததும் மாட்டு வண்டி பிடித்துக் கிளம்பிவிட்டேன். எல்லைக்கல்வரை எனக்குத் தடையில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் அவளைத் தூக்கி வரச்சொல்லி மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன். பாதி வழியில் வலி எடுத்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தியின் மாட்டுக் கொட்டகையில் நேற்றுப் பெற்றேன். ஆண் குழந்தை. நாள் முந்தி வந்ததால் ஒரு உள்ளங்கை நீளம்தான் இருக்கிறான், ஆனால் கத்துகிறான். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இந்த வீட்டுக்காரி என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள்.

அதனால் நீங்கள் வாருங்கள். அங்கேயிருந்து ஒன்றரை நாள் வழி. அவளை முதுகில் கட்டிக்கொண்டாவது வாருங்கள். உங்களைத் திட்ட இப்போது தெம்பில்லை. திட்டாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கீழே இருப்பதை அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டுங்கள்.

அடி திருட்டுக் கழுதை. யாரக் கேட்டுடி கனவு கண்டே? வீட்டுக்கு வரணும்னா "வரணும்"னு சொல்ல வாயில்லியா உனக்கு? வாடி, காதத் திருகி வாசல்ல கட்டித் தொங்க விடறேன். உனக்குத் தம்பி பொறந்திருக்கான். மூக்கு உங்கப்பன் மூக்கு, பாவம், அவன் தலையெழுத்து. நீ வந்து தூக்கற வரைக்கும் வேற யார்கிட்டயும் அவனக் குடுக்கமாட்டேன். சீக்கிரம் வா. என் தங்கம், சீக்கிரம் வாடி.


எல்லைக்கல்லுக்கு வெளியே
பிரராத்தியோஸ் மாதம், வளர்பிறை ஒன்று

பிலின்னா,

கொரிஸ்கா இல்லை.

தேய்பிறை ஒன்பதில் கோயில் ஆட்கள் நாலு பேர் வந்து பாயோடு தூக்கினார்கள். பதமாகத்தான் தூக்கினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு பைன் மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார்கள். இங்கே கூரை கிடையாது. உன் போர்வையை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி நிழல் செய்தேன். எங்களைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் மரத்தடிகளில் கிடந்தார்கள். உள்ளே இருந்தபோது இப்படி ஓர் இடம் இருப்பதே என் கண்ணில் படவில்லை.

அஞ்சு நாள் இருந்தாள். தினமும் "அம்மா எழுதலியா?" என்று கேட்டாள். பிர்ரியாஸ் வரவில்லை. நாலாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. உன் பழைய கடிதம் ஒன்றைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, நானே இட்டுக்கட்டிப் படித்தேன். என் செல்லமே, நீ நலமாகிவிடுவாய், உனக்குப் புது ஆடை தைத்து வைத்திருக்கிறேன் என்றெல்லாம் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இது அம்மா எழுதல."

"ஏம்மா அப்பிடிச் சொல்றே?"

"ஒரு திட்டுகூட இல்லியே."

அவளே என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "பரவால்லப்பா. படி" என்றாள். படித்தேன். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

இங்கே பக்கத்திலேயே புதைத்தேன். ஊருக்குத் தூக்கி வந்திருக்க வேண்டும். இந்த வெயிலில் மூன்று நாள் வழி, முடியவில்லை. நம் ஊரில் செத்தவர் வாயில் காசு வைக்கும் வழக்கம் இல்லையே, பாதாளத்துக்கு நமக்குக் குறுக்கு வழி உண்டு, செத்தவரை ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்குக் கூலி வேண்டாம். இங்கேயிருந்து போகிறவளுக்கு அந்த வழி எப்படித் தெரியும் என்று நினைத்ததும்தான் நான் உடைந்து போனேன். பக்கத்து மரத்தடியில் மனைவியை வைத்துக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து வந்து என் கையில் ஒரு செப்புக் காசை வைத்தான்.

உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் படித்தேன்.

பையன் நலமாக இருக்கட்டும். ஒன்பதாம் நாள் சடங்கை முடித்துவிட்டு வருகிறேன். வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.


திதிமோய்
பிரராத்தியோஸ், வளர்பிறை நான்கு

ஹகேமோன்,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது. பையன் குடிக்கிறான்.

நேற்று நம் ஊர் எண்ணெய் வியாபாரியின் மனைவி இந்த வழியாகக் கோயிலிலிருந்து திரும்பினாள். நான் இங்கே கிடப்பதைக் கேள்விப்பட்டு உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கோயில் வாசல்ல புதுப் பலகை மாட்டியிருக்காங்கடி. உம்பொண்ணு பேருதான் மொதல்ல! கனவு கண்டாளாம், நலமாயிட்டாளாம். எங்க அவ, தூங்கறாளா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

நான் நம்பினேன். உங்கள் கடிதம் என் இடுப்பில் செருகியிருக்கும்போதே நம்பினேன். அவள் பேசி முடிக்கும்வரை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பலகையை அழித்துவிட்டு வாருங்கள். என் பெண்ணின் பெயரை எவனோ ஒருவன் தன் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவான். அந்தப் பிள்ளையும் அப்பன் மூஞ்சியைப் பார்த்து ஒரு கனவைச் சொல்லும். என்னால் கோயிலுக்குள் போக முடியாது, பிள்ளை பெற்ற தீட்டு. நீங்கள் போங்கள். கெஞ்சுங்கள், அடியுங்கள், எரியுங்கள், எனக்குக் கவலையில்லை. அது அங்கே இருக்கும்வரை என் முகத்தில் விழிக்க வேண்டாம்.

பையனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.


எல்லைக்கல்லுக்கு வெளியே
பிரராத்தியோஸ், வளர்பிறை எட்டு

பிலின்னா,

போனேன். சாவுத் தீட்டு எனக்கு, கல்லைத் தாண்ட விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். தாண்டினேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, நான் மிதித்த இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பலகை அங்கிருந்து பதினைந்து அடி தூரத்தில், வாசல் சுவரில் தொங்குகிறது. இங்கே நின்றபடியே படிக்கலாம். ஹெர்மியோனே ஊர் கொரிஸ்கா, ஹகேமோன் மகள். நெஞ்சு நோய். கனவு கண்டாள். நலமாகி வெளியே போனாள்.

கத்திக் கூப்பிட்டதில் கோயில் எழுத்தர் வந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நல்ல மனிதர்தான், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டார்.

"அவ கனவு சொன்னாளா இல்லியா?"

"சொன்னா."

"ஏழு நாளும் குளிச்சாளா?"

"குளிச்சா."

"உள்ள இருந்த வரைக்கும் உசுரோட இருந்தாளா?"

"இருந்தா."

"வெளிய போனாளா?"

"நீங்கதானேய்யா தூக்கிட்டுப் போனீங்க!"

"போனாள்ல? அதத்தான் எழுதியிருக்கேன்."

"நலமாகின்னு போட்டிருக்கீங்களே."

அவருக்கு நான் கேட்டது உண்மையிலேயே புரியவில்லை. "எல்லாத்துக்கும் அப்பிடித்தான்யா போடறது. வெளிய வந்தப்பறம் நடக்கறது எங்களுக்கெப்பிடித் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். உள்ளே யாரும் சாவதில்லை. அதனால் கல்வெட்டில் இருக்கிற எல்லோரும் பிழைத்தவர்கள். அந்தக் குயவன் இங்கே எந்த மேட்டின் அடியில் கிடக்கிறானோ.

இன்று ஒன்பதாம் நாள் சடங்கை முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆள் தன் மனைவியைக் கட்டிலில் வைத்து, வேறொருவனோடு தூக்கிக்கொண்டு வந்தான். சின்ன வயதுப் பெண். கன்னம் ஒட்டிப்போய் எலும்புதான் இருந்தது. வாசலில் கட்டிலை இறக்கிவிட்டு, அவன் பலகையை அவளுக்குப் படித்துக் காட்டினான். கொரிஸ்காவின் பெயரைச் சத்தமாகப் படித்தான்.

"எத்தன வயசாம்?" என்று அவள் கேட்டாள்.

"போடல. சின்னப் பொண்ணாத்தான் இருக்கும்."

"இப்ப எங்க இருப்பா?"

"எங்க இருப்பா, அவங்கம்மாகிட்டதான்."

நான் எழுந்து கல்லின் ஓரம்வரை போனேன். அன்று பூசாரியிடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இன்று மூடக்கூடாது என்று போனேன். "ஐயா, அது எம்பொண்ணு. அவ செத்துட்டா. பாருங்க, அதோ அந்த மேடுதான். அவ எந்தக் கனவும் காணல. உங்க சம்சாரத்தப் பச்சத் தண்ணில எறக்காதீங்க" என்றேன்.

துக்கத்துக்காக நான் வெட்டிய முடியை அவன் பார்த்தான். சிவந்த விரல்களைப் பார்த்தான். திரும்பிப் பலகையை இன்னொரு முறை, எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு மனைவியிடம் குனிந்து, "பாவம், துக்கத்துல புத்தி பெசகிடுச்சு. நீ அந்தப் பக்கம் பாக்காத" என்று சொல்லிவிட்டுக் கட்டிலைத் தூக்கச் சொன்னான். போய்விட்டார்கள்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன்னிடம் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நாங்கள் வந்து சேர்ந்த அன்றைக்கு, இதே இடத்தில் முடி வெட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் கொரிஸ்காவின் காதுகளைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

ஹகேமோன்